பிராஞ்சுக்குப் பெயர் வைக்கவும் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் சில வாரமாக வந்துகொண்டிருக்கும் கிட் பாடத்தை, அதாவது நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருளைப் பற்றிய பாடத்தை, விடாமல் படிக்கிறேன், தமிழில் இதற்கு இடம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் போன வாரப் பகுதி ஆட் (மாற்றத்தைத் தேர்ந்தெடுப்பது), கமிட் (அதைப் பதிவது), புஷ் (பதிந்ததைப் பொது இடத்துக்கு அனுப்புவது) மூன்றையும் சொல்லிவிட்டு, இவ்வளவு தெரிந்தால் வேலைக்குப் போய்ச் சமாளிக்கலாம் என்று முடிந்திருந்ததைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. சமாளிக்க முடியாது. பிராஞ்ச், அதாவது மற்ற வேலையைத் தொடாமல் தனியாக வேலை செய்யும் கிளை, அதை எப்படி எடுப்பது, எங்கிருந்து எடுப்பது, என்ன பெயர் வைப்பது, வேலை முடிந்ததும் அதை என்ன செய்வது, இது தெரியாமல் வருகிற பிள்ளைகள் படும் பாட்டை வருடா வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவன் நான்.

வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், வேலை புதுச்சேரியில், ஒன்பது பேர் இருக்கும் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில். தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். மளிகை மொத்த வியாபாரம், முந்திரி மண்டி, இரும்புக் கடை என்று இந்த இரண்டு ஊரிலும் பண்ருட்டியிலும் உள்ள கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்து கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. ஒவ்வொரு வருடமும் இரண்டு மூன்று பேர் கல்லூரி முடித்து நேராக எங்களிடம் வருகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள், ஜாவா எழுதுவார்கள், டேட்டாபேஸ் தெரியும். "ஒரு பிராஞ்ச் எடுத்து இதைச் செய்யுங்க தம்பி" என்றால் மட்டும் கை நின்றுவிடும், இல்லையென்றால் 'நியூ' என்று ஒன்று எடுப்பார்கள். அடுத்த வாரம் 'நியூ2'. அதற்கடுத்த வாரம் 'நியூ2-ஃபைனல்'.

2025 செப்டம்பரில் எங்களிடம் நடந்ததைச் சொல்கிறேன். 3ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் புதிய விகிதங்களை அறிவித்தது, 22ஆம் தேதி திங்கட்கிழமை முதல் அமல். நெய், வெண்ணெய் 12 சதவீதத்திலிருந்து 5க்கு, குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய் 18லிருந்து 5க்கு. மளிகைக் கடைக்கு இது சரக்குப் பட்டியல் முழுக்கத் தொட வேண்டிய வேலை. இதைப் பார்த்துக்கொண்ட தம்பி மூன்று பிராஞ்ச் வைத்திருந்தார்: 'ஜிஎஸ்டி', 'ஜிஎஸ்டி-நியூ', 'நியூ-ஃபைனல்'. நாங்கள் ஆங்கில எழுத்தில்தான் பெயர் வைக்கிறோம், பத்திரிகைக்காக இங்கே தமிழில் எழுதுகிறேன். 21ஆம் தேதி ஞாயிறு மகாளய அமாவாசை, தம்பி தர்ப்பணத்துக்கு ஊருக்குப் போய்விட்டார், அங்கே போன் சிக்னல் இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு நான்தான் மெயினில், அதாவது கடைகளுக்குப் போகும் முக்கியக் கிளையில், சேர்த்து அனுப்ப வேண்டும். மூன்றில் எது முடிந்த வேலை? ஃபைனல் என்று எழுதியிருப்பதுதானே முடிந்ததாக இருக்கும் என்று அதைச் சேர்த்துக் கடைகளுக்கு அனுப்பிவிட்டேன். முடிந்த வேலை 'ஜிஎஸ்டி-நியூ'வில் இருந்தது. 'நியூ-ஃபைனல்' என்பது அவர் முதல் வாரத்திலேயே தொடங்கி, நெய், வெண்ணெய் வரைக்கும் மாற்றிவிட்டு, இந்த வழி சரிவராது என்று கைவிட்டது. கமிட் செய்திகளும் மூன்றிலும் 'அப்டேட்', 'அப்டேட்' என்றே இருந்தன. கடைசி கமிட்டின் தேதியையாவது நான் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை, அது என் தவறு.

மறுநாள் காலை கடை திறந்த கையோடு திருப்பாதிரிப்புலியூரிலிருந்து மொத்தக் கடைக்காரர் போன் செய்தார். "என்ன தம்பி, நெய்க்கு அஞ்சு போடுது, சோப்புக்கு இன்னும் பதினெட்டே போடுது, லோடு ஏத்த வண்டி நிக்குது." நவராத்திரி முதல் நாள் வேறு. சரியான பிராஞ்சைக் கண்டுபிடித்துச் சேர்த்து அனுப்பப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அதற்குள் போட்டுவிட்ட பில்களுக்கு ஒவ்வொன்றாக கிரெடிட் நோட் (கூடுதலாகப் போட்ட தொகையைக் கழிக்கும் சீட்டு) போட்டுச் சரிசெய்ய அவருடைய கணக்குப்பிள்ளைக்கு இரண்டு நாள் போயிற்று. அந்தத் தம்பியை நான் குறை சொல்லவில்லை. நான்கு வருடப் படிப்பில் ஒரு நாள்கூட யாரும் அவருக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

பிள்ளைகள் பிராஞ்ச் எடுக்கத் தயங்குவதற்குக் காரணம் ஒன்று உண்டு. பிராஞ்ச் என்றால் மொத்த ஃபோல்டரையும் நகல் எடுப்பது என்று நினைக்கிறார்கள். கல்லூரியில் பென் டிரைவில் ப்ராஜெக்ட், ப்ராஜெக்ட்-1, ப்ராஜெக்ட்-மேம்-சொன்னது என்று நகல் நகலாக வைத்துப் பழகியவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்? கிட்டில் பிராஞ்ச் என்பது ஒரு கமிட்டைக் காட்டும் சீட்டு, அவ்வளவுதான். புதிதாக ஒன்று எடுத்துவிட்டு, மறைவாக இருக்கும் டாட் கிட் ஃபோல்டருக்குள் ரெஃப்ஸ், அதற்குள் ஹெட்ஸ் என்று போய்ப் பாருங்கள், அந்தப் பெயரிலேயே ஒரு சின்ன ஃபைல் இருக்கும். உள்ளே கமிட்டின் 40 எழுத்து அடையாளம், வரி முடிவுக்கு ஒன்று, ஆக 41 பைட். ஐந்து லட்சம் வரி நிரல் இருந்தாலும் அதே 41 பைட்தான். கமிட் போடப் போட அந்தச் சீட்டு ஒவ்வொரு அடியாக முன்னால் நகர்கிறது. 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்காக கிட்டை எழுதினார், பல நாடுகளில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் வேலை செய்கிறவர்களுக்காக எழுதியது, கிளை பிரிப்பதும் சேர்ப்பதும் சுலபமாக இருந்தால்தான் அங்கே வேலையே ஓடும். முதல் வகுப்பில் அந்த 41 பைட் ஃபைலைத் திறந்து காட்டினாலே பாதிப் பயம் போய்விடும். நான் காட்டிப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, எங்கிருந்து எடுக்கிறோம் என்பது. கிட் ஸ்விட்ச், ஹைஃபன் சி, பெயர், இதை அடித்தால் புதிய பிராஞ்ச் வந்துவிடும், அந்தப் பிராஞ்சிலேயே நிற்போம். ஆனால் அது முளைக்கும் இடம் நீங்கள் அந்த நிமிடம் எங்கே நிற்கிறீர்களோ அந்த இடம். நேற்று ரசீது வேலைக்காக எடுத்த பிராஞ்சில் நின்றுகொண்டே இன்று எடை வேலைக்குப் புதியது எடுத்தால், முடியாத ரசீது வேலையும் சேர்ந்தே வரும், எடையைச் சோதித்து மெயினில் சேர்க்கும்போது அரைகுறை ரசீதும் கூடவே கடைக்குப் போய்விடும். எங்களிடம் வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் அதிகமாக நான் பார்ப்பது இதைத்தான். முதலில் மெயினுக்குப் போ, புல் செய்து, அதாவது மற்றவர்கள் அனுப்பியதை இறக்கி, அன்றைய நிலைக்குக் கொண்டுவா, அப்புறம் பிராஞ்ச் எடு. இந்த வரிசை கையில் ஊறிவிட வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிக்கொடுக்கலாம், கேட்டதும் பிள்ளைகள் முகம் தெளிந்துவிடும். மறந்துபோய் மெயினிலேயே நின்று பாதி வேலை செய்துவிட்டீர்கள், இன்னும் கமிட் போடவில்லை என்றால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, அங்கேயே நின்று புதிய பிராஞ்ச் எடுத்தால் செய்த மாற்றம் அப்படியே உங்களோடு வரும். இது தெரியாமல் எழுதியதையெல்லாம் நோட்பேடில் நகல் எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி ஒட்டியவர்களை எனக்குத் தெரியும். அப்புறம், பாடக் குறிப்புகளில் பிராஞ்ச் எடுக்க இன்னும் செக்அவுட் ஹைஃபன் பி என்றுதான் இருக்கிறது. அதுவும் வேலை செய்யும், தவறில்லை. ஆனால் செக்அவுட் பிராஞ்ச் மாறவும் உதவும், ஒரு ஃபைலைப் பழைய நிலைக்குத் திருப்பவும் உதவும், ஃபைல் பெயரைத் தெரியாமல் கொடுத்துவிட்டால் கமிட் செய்யாத மாற்றம் சத்தமில்லாமல் அழிந்துவிடும். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 2019 ஆகஸ்டில் 2.23 பதிப்பில் ஸ்விட்ச் வந்தது. புதிதாகக் கற்கிறவர்களுக்கு அதையே சொல்லிக்கொடுங்கள்.

இப்போது பெயர். இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்தில் நின்று பழகியவர்களுக்குத் தெரியும், 'பாகூர் வழி' என்று பலகை இருந்தால் யாரும் யாரையும் கேட்பதில்லை, வேண்டியவர்கள் ஏறிவிடுவார்கள். 'ஸ்பெஷல்' என்று மட்டும் போட்டு ஒரு பஸ் வந்து நின்றால் கைக்குழந்தையோடு இருக்கும் அம்மாவிலிருந்து எல்லோரும் ஓடிப்போய் நடத்துநரிடம் எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். 'நியூ', 'டெஸ்ட்', 'ஃபைனல்', 'என்னுடையது' எல்லாம் அந்த ஸ்பெஷல் பலகைதான். எழுதியவருக்கு அன்றைக்குத் தெரியும், மற்றவர்கள் கேட்டால்தான் உண்டு, அவர் அமாவாசைக்கு ஊருக்குப் போய்விட்டால் கேட்கவும் ஆளில்லை.

செப்டம்பருக்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் ஒரு முறை வைத்துக்கொண்டோம். முதலில் என்ன வகை வேலை, பிழை திருத்தமா, புதிய வசதியா, கடையில் வியாபாரம் நிற்கிற அவசரமா, அதற்கு ஃபிக்ஸ், ஃபீச்சர், ஹாட்ஃபிக்ஸ். அப்புறம் ஒரு சாய்கோடு. அப்புறம் எங்கள் வேலைப் பட்டியலில் அதற்குள்ள எண், அதோடு மூன்று நான்கு சொல். உதாரணமாக, 'ஃபிக்ஸ்/214-முந்திரி-மூட்டை-எடை'. எண் மட்டும் போதும் என்று சிலர் சொன்னார்கள், 214 என்றால் என்ன என்று ஒவ்வொரு தடவையும் பட்டியலைத் திறந்து பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? சொல் மட்டும் போதும் என்றால் இரண்டு பேர் வெவ்வேறு கடைக்கு எடைத் திருத்தம் செய்யும்போது இரண்டும் ஒன்றாகத் தெரியும். இரண்டும் வேண்டும். அந்தச் சொற்களும் கடையில் என்ன மாறப்போகிறது என்பதைச் சொல்ல வேண்டும், எந்த ஃபங்ஷனைத் தொட்டோம் என்பதைச் சொல்ல வேண்டாம், ஏனென்றால் பதினோரு மணி இரவில் பார்க்கிறவர் தேடுவது கடைக்காரர் கேட்ட வேலையைத்தான். பெயரில் 'மற்றும்' போட்டால்தான் சரியாக வரும் என்று தோன்றினால் அது இரண்டு பிராஞ்சாக எடுக்க வேண்டிய வேலை. இந்த ஒன்றை மட்டும் தம்பிகளிடம் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

எடுத்தவர் பெயரையும் சேர்க்கலாமா என்று கேட்டார்கள். பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணைத் தண்ணீரைக் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலைப் பற்றி அந்தப் பக்கத்தில் சொல்வார்கள், பங்காரி, சிங்காரி என்ற இரண்டு சகோதரிகள் பெயரோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். ஊருக்கே சோறு போடுகிற வாய்க்காலுக்கு ஆள் பெயர் நிற்பது நியாயம். மூன்று நாளில் மெயினோடு சேர்ந்து மறையப்போகும் பிராஞ்சுக்கு அது தேவையில்லை. ஒவ்வொரு கமிட்டிலும் எழுதியவர் பெயரை கிட் தானாகவே பதிந்து வைக்கிறது. பெரிய அணியில், ஒரே ரெப்போவில், அதாவது ஒரே நிரல் தொகுப்பில், நூறு பேர் இருக்கும் இடத்தில், பெயரின் முதலெழுத்தைச் சேர்ப்பது உதவலாம், எங்களைப் போன்ற சின்ன இடத்துக்கு வேண்டாம்.

கிட் ஏற்றுக்கொள்ளாத பெயர்களும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடைவெளி கூடாது. அடுத்தடுத்து இரண்டு புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக் குறி, முக்காற்புள்ளி, டில்டே (~) கூடாது. ஹைஃபனில் தொடங்கக் கூடாது, புள்ளியில் முடியக் கூடாது. இவற்றைக் கொடுத்தால் அதுவே சரியான பெயர் இல்லை என்று மறுத்துவிடும், ஆகவே ஆபத்தில்லை.

குழப்புவது சாய்கோடுதான். ஒருவர் ஏற்கெனவே 'ஃபிக்ஸ்' என்ற பெயரிலேயே ஒரு பிராஞ்ச் வைத்திருந்தால், அதற்கப்புறம் 'ஃபிக்ஸ்/214' என்று யாரும் எடுக்க முடியாது, ரெஃபைப் பூட்ட முடியவில்லை என்று புரியாத ஒரு பிழைச் செய்தி வரும். காரணம் மேலே சொன்ன ஃபைல்தான். 'ஃபிக்ஸ்' என்ற பெயரில் அங்கே ஒரு ஃபைல் இருக்கும்போது அதே பெயரில் ஒரு ஃபோல்டரும் எப்படி இருக்கும்? ஒரு தங்கை இதோடு அரை நாள் போராடினார், தன் லேப்டாப்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு. அதே காரணத்தால்தான் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கலந்து வைக்கவும் கூடாது என்கிறேன். லினக்ஸ் இரண்டையும் வேறு வேறாகப் பார்க்கும், விண்டோஸ் ஒன்றாகப் பார்க்கும், எங்கள் தம்பிகளின் லேப்டாப்பில் பெரும்பாலும் விண்டோஸ். எல்லாமே சின்ன எழுத்து, சொல்லுக்கு நடுவில் ஹைஃபன், தீர்ந்தது.

தமிழிலேயே பெயர் வைக்கலாமா என்று உங்கள் வாசகர்கள் கேட்பார்கள், நானும் ஆசைப்பட்டுச் செய்து பார்த்தவன். வைக்கலாம், தமிழ் எழுத்தை கிட் மறுப்பதில்லை. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது, அது நம் எழுத்துக்கே உரியது. 'தொகை' என்பதில் உள்ள 'தொ'வை எழுத்துகளுக்குக் குறியீடு கொடுக்கும் யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம், ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், முன்னால் ஒற்றைக்கொம்பும் பின்னால் காலுமாக இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். எந்த விசைப்பலகையில் அடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், கிட் பைட்டைத்தான் பார்க்கிறது, அதற்கு அவை இரண்டு வேறு பெயர். நான் எடுத்த 'தொகை' பிராஞ்சை நீங்கள் உங்கள் விசைப்பலகையில் அடித்தால் அப்படி ஒன்று இல்லை என்று வரலாம். அதனால் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு, சொல்லைத் தமிழ்ச் சொல்லாகவே விட்டுவிட்டோம், மூட்டை, ரசீது, பாக்கி என்று கடைக்காரர் வாயில் வருகிற சொல். கமிட் செய்தியை முழுக்கத் தமிழில் எழுதச் சொல்கிறேன், அங்கே இந்தச் சிக்கல் இல்லை, பிள்ளைகளும் தடுமாறாமல் நாலு வரி தெளிவாக எழுதுகிறார்கள்.

முக்கியக் கிளைக்கு மாஸ்டர், மெயின் என்று இரண்டு பெயர் வரும் குழப்பத்தையும் சொல்ல வேண்டும், உங்கள் பாடத்திலேயே அது இருக்கிறது. 2020 அக்டோபரிலிருந்து, கிட் ரெப்போக்களை வைத்துக்கொள்ளும் இணையதளமான கிட்ஹப்பில் புதிதாகத் திறக்கும் ரெப்போவின் முதல் பிராஞ்ச் மெயின். ஆனால் மாணவர் தன் கணினியில் புதிய ரெப்போ தொடங்க கிட் இனிட் கொடுத்தால், அமைப்பை மாற்றாதவரை பல இடங்களில் இன்னும் மாஸ்டர்தான் வரும். கணினியில் மாஸ்டர், கிட்ஹப்பில் ரீட்மீ என்ற அறிமுக ஃபைலோடு மெயின், இரண்டுக்கும் பொதுவான ஒரு கமிட்கூடக் கிடையாது. பிள்ளை புஷ் செய்யும், அங்கே போய்ப் பார்த்தால் தன் ஃபைல் எதுவும் மெயினில் இல்லை, தொலைந்துவிட்டது என்று பதறும். தொலையவில்லை, பக்கத்துப் பிராஞ்சில் இருக்கிறது. கிட்டின் அமைப்பான கான்ஃபிக்கில் இனிட் டாட் டிஃபால்ட்பிராஞ்ச் என்பதை மெயின் என்று ஒரு தடவை வைத்துவிட்டால் போதும், 2020 ஜூலையில் வந்த 2.28 பதிப்பிலிருந்து அந்த வசதி உண்டு.

வேறு சில குறிப்புகளில் மாஸ்டர், டெவலப், ரிலீஸ், ஃபீச்சர், ஹாட்ஃபிக்ஸ் என்று ஐந்து வரிசை போட்டு ஒரு படம் இருக்கும், தேர்வுக்கு அதை வரையவும் சொல்கிறார்கள். அது நிரலாளர் வின்சென்ட் டிரீசன் 2010இல் முன்வைத்த முறை. பதிப்பு எண் போட்டு வெளியிடும் மென்பொருளுக்கு நல்ல முறைதான், ஆனால் அடிக்கடி வெளியிடும் வலைச் செயலிகளுக்கு இதைவிட எளிமையான முறை போதும் என்று 2020இல் அவரே சேர்த்து எழுதிவிட்டார். ஒரு மெயின், அதிலிருந்து சில நாளே வாழும் பிராஞ்சுகள், முதலில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள், ஐந்து வரிசைப் படம் அப்புறம் வரட்டும்.

கடைசியாக, அழிப்பது. மெயினில் சேர்ந்துவிட்ட பிராஞ்சை அழிக்கச் சொன்னால் பிள்ளைகள் கை நடுங்குகிறது, உழைப்பு போய்விடும் என்று. அழிவது அந்த 41 பைட் சீட்டு மட்டும், கமிட் எல்லாம் மெயினில் பத்திரமாக இருக்கிறது. கிட் பிராஞ்ச் ஹைஃபன் சின்ன டி கொடுத்தால், இன்னும் சேராத பிராஞ்சாக இருந்தால் கிட்டே மறுத்துவிடும். பெரிய டி கொடுத்தால் கேட்காமல் அழிக்கும், அதைத் தொட வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அப்படியே தவறி அழித்தாலும் ரெஃப்லாக் என்று ஒன்று இருக்கிறது, உங்கள் கணினியில் நீங்கள் நின்ற இடங்களை அது குறித்து வைத்திருக்கும், அங்கே அந்த கமிட்டின் அடையாளத்தைத் தேடி எடுத்து அதன்மேல் மறுபடி ஒரு பிராஞ்ச் வைத்துக்கொள்ளலாம். அழிக்காமல் விட்டால்தான் கஷ்டம். செப்டம்பருக்குப் பிறகு எங்கள் ரெப்போவைத் திறந்து எண்ணிப் பார்த்தோம், எழுபதுக்கு மேல் இருந்தன, அதில் பாதிக்கும் மேல் வேலையை விட்டுப் போனவர்கள் எடுத்தவை. ஒவ்வொன்றாகப் பார்த்து, சேர்ந்ததை அழித்து, சேராததற்குக் காரணம் கேட்டுக் குறித்து முடிக்க இரண்டு சனிக்கிழமை ஆயிற்று. இப்போது பட்டியலில் எது இருக்கிறதோ அது நடந்துகொண்டிருக்கும் வேலை, வேறு அர்த்தமில்லை.

கடலூரிலும் புதுச்சேரியிலும் கணினி சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களையும் பயிற்சி மையம் நடத்துகிறவர்களையும் இந்தக் கடிதம் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன், ப்ராஜெக்ட் வேலையில் நான்கு மாணவர்களை ஒரே ரெப்போவில் உட்கார வைத்து, மெயினில் யாரும் நேராக புஷ் செய்யக் கூடாது என்று மட்டும் ஒரு விதி போட்டுப் பாருங்கள். இரண்டு வாரத்தில் தாங்களாகவே பிராஞ்ச் எடுக்கவும் பெயர் வைக்கவும் பழகிவிடுவார்கள், அந்தப் பெயர்களைப் படித்துப் பார்த்து அதற்கும் மதிப்பெண் போடுங்கள்.

உங்கள் மாணவர் பக்கத்தில் அடுத்த பகுதியை பிராஞ்சுக்கு ஒதுக்க வேண்டுகிறேன். அதோடு போன வாரம் வந்த 'கிட் புஷ் ஆரிஜின் மாஸ்டர்' என்ற வரிக்கும் ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்திருக்கும் பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.